பழைய வண்டியும் புதிய பூச்சும்

'ஜெனிவீவ்' என்ற ஆங்கிலப் படத்தை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு தடவையும் சிரிப்பதற்காகப் பார்த்தேன். மூன்றாம் தடவை பார்த்தது, கதை முடிவதற்குச் சற்று முன்னால் வந்து போகிற ஒரு கிழவருக்காக.

1953-ல் வெளிவந்த படம் அது. ஹென்றி கார்னீலியஸ் தயாரித்து டைரக்ட் செய்தார். எழுதியவர் வில்லியம் ரோஸ். பெயரைக் கேட்டால் யாரோ ஒரு பெண்ணின் கதை என்று தோன்றும். பெண் இல்லை, 1904-ம் வருஷத்து டராக் மோட்டார் கார். பிரான்ஸ் தேசத்துச் சரக்கு. அதன் சொந்தக்காரன் ஆலன் என்ற இளம் வக்கீல். ஒவ்வொரு நவம்பரிலும் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு அதை ஓட்டிக்கொண்டு போவது அவனுக்கு விரதம் மாதிரி. இந்த ஊர்வலம் கதைக்காகக் கட்டியதல்ல, நிஜமாகவே நடப்பது. மோட்டார் வண்டிகள் மணிக்குப் பதினான்கு மைல் வரை போகலாம் என்று 1896-ல் பிரிட்டிஷ் சட்டம் இடம் கொடுத்தது. அந்தச் சந்தோஷத்தில் அவ்வருஷம் நவம்பர் 14-ம் தேதி சிலர் பிரைட்டனுக்குக் கார் ஓட்டிப் போனார்கள். அதன் ஞாபகார்த்தமாக 1927-லிருந்து இந்த ஓட்டம் நடத்தப்பட்டு வருகிறது. 1905-க்கு முன் பிறந்த வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. பந்தயம் கிடையாது, ஊர் போய்ச் சேர்ந்தாலே கௌரவம்.

கதை இதுதான்: ஆலனும் அவன் மனைவி வெண்டியும் ஜெனிவீவில் போகிறார்கள். அவன் சிநேகிதன் ஆம்புரோஸ் தன் ஸ்பைக்கர் வண்டியில், தன் தோழியுடன் போகிறான். போகிற வழியில் வண்டி மக்கர் செய்கிறது. ஊரில் கிடைத்த ஹோட்டல் அறை சகிக்கவில்லை. ஆலனுக்குச் சிநேகிதன் மீது பொறாமை. வாய்ச்சண்டை முற்றி, திரும்பும்போது எவன் வண்டி முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைத் தொடுகிறதோ அவனுக்கு நூறு பவுன் என்று பந்தயம் கட்டிவிடுகிறார்கள். சங்க விதிகளுக்கு விரோதமான பந்தயம். பிறகு இரண்டு ஆண்பிள்ளைகளும் செய்கிற அல்பத்தனங்களுக்குக் கணக்கில்லை.

லண்டன் கிட்டத்தில் வந்தாயிற்று. ஒவ்வொரு நிமிஷமும் பவுனாகப் போய்க்கொண்டிருக்கிற சமயம். வண்டி நிற்கிற இடத்தில் ஒரு கிழவர் வந்து சேருகிறார். இதே மாதிரி டராக் வண்டி தம்மிடமும் ஒரு காலத்தில் இருந்ததாம். தம் மனைவியுடன் அதில் போன நாட்களைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். கிழவர்களின் பேச்சுக்கு வேகக் கட்டுப்பாடு உண்டு. மணிக்குப் பதினான்கு மைல்கூட இல்லை. ஆலன் தவிக்கிறான். ஆனால் அவரை வெட்டிவிட்டுப் போக அவனால் முடியவில்லை. நின்று, காது கொடுத்துக் கேட்கிறான். வெண்டி தன் புருஷனைத் திரும்பிப் பார்க்கிறாள். படம் முழுவதிலும் அவனைப் பார்க்காத ஒரு பார்வை.

சிரிப்புப் படத்தில் இப்படி ஓர் இடம் வைக்க எழுத்தாளனுக்கு நல்ல தைரியம் வேண்டும். ஓட்டத்தின் உச்சத்தில் கதையை நிறுத்துவது என்றால் சாமானியமா? ஆனால் அந்த இரண்டு நிமிஷம் இல்லாவிட்டால் படம் வெறும் கோமாளிக் கூத்தாகத்தான் நின்றிருக்கும். ஐம்பது வருஷத்து இரும்பை ஒருவன் ஏன் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்குப் படம் தருகிற பதில் அங்கேதான் இருக்கிறது. எந்தக் கிழவருக்கோ அந்த இரும்புக்குள் ஒரு யௌவனம் பத்திரமாக இருக்கிறது.

படத்தில் எனக்குக் குறையும் உண்டு. வெண்டியின் கட்சியை அது முழுசாகச் சொல்லவில்லை. புருஷன் தன் ஓய்வையெல்லாம் ஒரு யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, எண்ணெய்க் கையோடு சாப்பிட வந்து உட்காருகிறான். அந்த வீட்டில் இருக்கிற பெண்ணின் சிரமம் தமாஷாக மட்டுமே வருகிறது. டைனா ஷெரிடன் முகத்தாலேயே அதில் பாதியை ஈடு செய்துவிடுகிறார். இருந்தாலும், அவர் தனியாக உட்கார்ந்து யோசிக்கிற ஒரு காட்சியை நாவலாசிரியனாக இருந்தால் விட்டிருக்க மாட்டான். ஆலனாக நடித்த ஜான் கிரெக்ஸனுக்குப் படம் தொடங்கியபோது கார் ஓட்டவே தெரியாது என்பது வேறு விஷயம். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது அவர் முகத்தில் தெரிகிற கவலையில் பாதி நிஜம் என்று இப்போது தெரிகிறது.

நான் சொல்ல வந்தது படத்தைப் பற்றி மட்டும் அல்ல. அந்த வண்டியைப் பற்றியும்தான். ஜெனிவீவாக நடித்த டராக், யுத்தம் முடிந்த சமயத்தில் சிதைந்த நிலையில் அகப்பட்டது. அதுவும் ஒன்று அல்ல, இரண்டு வண்டிகள். இரண்டிலும் நன்றாக இருந்த உறுப்புகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு வண்டியாக்கினார்கள். படத்துக்கு முன்னால் அதற்கு இந்தப் பெயரும் கிடையாது. இப்போது ஹாலந்து தேசத்தில், ஹேக் நகரத்துக் கார் மியூசியத்தில் நிற்கிறது. அப்படியானால் கிழவரின் கண்ணைக் கலக்கிய அந்த 1904 எங்கே இருக்கிறது? ஒட்டுப்போட்ட வண்டிக்குள் நிஜமான ஞாபகம் இருக்க முடியுமா?

இந்தக் கேள்வியை ஓர் ஆங்கிலேய நீதிபதி 1990-ல் விசாரிக்க நேர்ந்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற பென்ட்லி கார் அது. லெ மான் பந்தயத்தில் 1929-லும் 1930-லும் ஜெயித்தது; இரண்டு தடவையும் ஓட்டியவர்களில் ஒருவர் உல்ஃப் பர்னாட்டோ. அதற்குப் பிறகு அதை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வேறு எஞ்சின் வைத்தார்கள். 1932-ல் புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் சாய்வு மேட்டைத் தாண்டி விழுந்து நொறுங்கியது; ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். பிறகு வேறு உடம்பு கட்டி ஊர்ப் பயணத்துக்கான வண்டியாக்கினார்கள். பல வருஷம் கழித்து மறுபடி பந்தய வண்டியாகச் செப்பனிட்டார்கள். ஒரு கோடி பவுனுக்கு விலை பேசிய கம்பெனி, 'ஜெயித்த வண்டி இது இல்லை' என்று பின்வாங்கிற்று. விற்றவர் கோர்ட்டுக்குப் போனார்.

நீதிபதி ஆட்டன் வண்டியின் ஒவ்வொரு எலும்பையும் எண்ணிப் பார்த்தார். 1929-ல் ஓடிய வண்டியில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. 1930-ன் வண்டியிலிருந்து ஏதோ கொஞ்சம். ஆகவே அசல் உருப்படி என்று சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. ஆனாலும் இதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்புச் சொன்னார். அதன் வாழ்க்கை எந்த இடத்திலும் அறுந்துபோகவில்லை. ஒவ்வொரு மாறுதலும் முன்னிருந்த வண்டியின் மீதே நடந்தது. நான்தான் அது என்று போட்டிக்கு வர உலகத்தில் வேறொரு வண்டியும் இல்லை. பொம்மை செய்வதும், வாழ்ந்து வந்த ஒன்றைத் தொடர்ந்து வாழவைப்பதும் வேறு வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். சமீப காலத்தில் நான் படித்த விமர்சனங்களில் இதைவிடச் சிறந்தது ஒன்று இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், அகப்படவில்லை. ஏடு பார்த்துப் பதிப்பிக்கிறவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். கரையான் தின்ற ஏட்டைப் பார்த்துப் பிரதி செய்தவனும், அந்தப் பிரதியைப் பார்த்து மறுபிரதி செய்தவனும் இல்லாவிட்டால் நமக்குப் பழைய நூல்கள் ஏது? ஓலை புதிசுதான், பாட்டு பழசு.

இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்களுக்கு இரண்டு சபலங்கள் உண்டு. ஒன்று, பளபளப்பு. கலிபோர்னியாவில் பெப்பிள் பீச் என்ற இடத்தில் 1950-லிருந்து பழைய கார்களுக்கு அழகுப் போட்டி நடக்கிறது. புல்வெளியில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தால் ஒன்றுகூட ஓடிய வண்டியாகத் தெரியாது. பெயிண்டில் முகம் பார்க்கலாம். தோல் ஆசனத்தில் யாரும் உட்கார்ந்ததற்கு அடையாளம் இராது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில்கூட அவை அவ்வளவு நேர்த்தியாக இருந்திருக்காது. தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவனின் கைத்திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அசாத்தியமான வித்தை அது. ஆனால் பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கும்போது கூடவே எதைச் சுரண்டுகிறோம் என்று அவன் யோசிக்க வேண்டாமா? ஜீர்ணோத்தாரணம் என்று சொல்லி மணலைப் பீய்ச்சிக் கோயில் கல்வெட்டை மழுக்கிவிடுகிற காரியம் நமக்குத் தெரியாததல்ல.

அந்தப் போட்டியிலேயே 2024-ல் ஓர் ஆச்சரியம் நடந்தது. செப்பனிடாத ஒரு வண்டிக்கு முதல் முதலாகத் தலைப் பரிசு கொடுத்தார்கள். 1934-ம் வருஷத்து புகாட்டி, டைப் 59. பெல்ஜியம் அரசர் மூன்றாம் லியோபோல்டு வைத்திருந்தது. அவர் காலத்துக் கறுப்புப் பூச்சும் மஞ்சள் பட்டையும் தேய்ந்தும் உரிந்தும் அப்படியே இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், கை படாத வண்டி என்று பரிசு பெற்ற இதுவும் மாற்றப்பட்ட வண்டியே. கிராண்ட் பிரீ பந்தயத்துக்காகப் பிறந்து, பிறகு தொழிற்சாலையிலேயே ஸ்போர்ட்ஸ் காராக உருமாறியது. அந்த மாறுதலும் அதன் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் ஆகிவிட்டது.

இரண்டாவது சபலம், மேதாவித்தனம். இருக்கிற வண்டியை இருக்கிறபடி விடாமல் கூரையை அறுத்துத் தாழ்த்துவது, எஞ்சினை மாற்றுவது, உடம்பையே வேறு ரூபமாக வளைப்பது. சுத்தக்காரர்கள் இதைப் பாவம் என்கிறார்கள். நானும் அவர்கள் கட்சியில்தான் இருந்தேன். ஹிரோஹாட்டா மெர்க்குரி என்ற அமெரிக்க வண்டியின் கதை தெரிந்த பிறகு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. 1951-ம் வருஷத்துச் சாதாரண மெர்க்குரி அது. மறு வருஷமே கலிபோர்னியாவில் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் அறுத்து, தாழ்த்தி, மழித்து, வெளிர் பச்சைப் பூச்சடித்து வேறு ஜன்மம் கொடுத்தார்கள். கொஞ்ச காலம் புகழோடு இருந்து, கை மாறி, சீந்துவாரில்லாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் ஐந்நூறு டாலருக்கு வாங்கினான். விற்காமல் வைத்திருந்து, வயசான பிறகு பாடுபட்டுச் செப்பனிட்டான். எந்த நிலைக்கு? தொழிற்சாலை செய்த நிலைக்கா? இல்லை. பட்டறைக்காரர்கள் அறுத்துப் போட்டு உருவாக்கிய நிலைக்கு! 2017-ல் அந்நாட்டுச் சரித்திர வாகனப் பட்டியலிலும் அது ஏறிவிட்டது. 2022-ல் இருபது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. இடைச்செருகல் என்று தள்ள வேண்டியதே மூலமாகிவிட்டது. அதைச் செய்தவர்களுக்குக் கை இருந்தது, கண்ணும் இருந்தது, அவ்வளவுதான் காரணம். அவர்களைப் பார்த்துக் கத்தியை எடுத்த நூறு பேர் நூறு நல்ல வண்டிகளைக் கெடுத்திருப்பார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்குக் கார் கிடையாது. ஆனால் நானும் ஒரு பழைய வண்டியைச் செப்பனிட்டுக் கெடுத்தவன். என் முதல் நாவல் இரண்டாம் பதிப்புக்குப் போனபோது, அனுபவம் வந்துவிட்ட மமதையில் அதை முழுதும் திருத்தினேன். வாக்கியங்களுக்குப் பாலிஷ் போட்டேன். பாட்டியும் பேரனும் ராத்திரி ரயிலில் போகிற ஒரு நீண்ட அத்தியாயம், கதைக்குச் சம்பந்தமில்லை என்று பட்டதால் அறுத்து எறிந்தேன். புஸ்தகம் கச்சிதமாக இருக்கிறது என்று நண்பர்கள் பாராட்டினார்கள். ஆறு மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடமிருந்து கார்டு வந்தது. 'அந்த ரயில் அத்தியாயம் எங்கே? அதைப் படிக்கத்தான் வாங்கினேன். என் பாட்டியோடு நானும் அப்படிப் போயிருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். இரண்டே வரி. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் பதிப்பில் அதைத் திரும்பச் சேர்க்கலாம் என்றால் கையெழுத்துப் பிரதி போய்விட்டது. முதல் பதிப்பு என்னிடமே இல்லை. ஒரு வாடகை நூல் நிலையத்தில் அட்டை போன பிரதி அகப்பட்டது. அந்த அத்தியாயத்தில் யாரோ பென்சிலால் கோடிட்டிருந்தார்கள்; ஒரு பக்கத்தில் காப்பிக் கறை. நான் அசட்டுத்தனம் என்று நினைத்திருந்த வரிகளில்தான் அநேகமாக எல்லாக் கோடுகளும் இருந்தன. ஒரு எழுத்தையும் மாற்றாமல் உட்கார்ந்து பிரதி செய்தேன். இரண்டு அச்சுப் பிழைகளை மட்டும் திருத்தினேன். அதில்கூட இரண்டாவதைத் திருத்தியிருக்க வேண்டாமோ என்று இன்றைக்கும் ஒரு உறுத்தல்.

படத்தின் முடிவைச் சொல்லவில்லையே. பாலத்துக்குச் சில கஜம் இருக்கும்போது ஜெனிவீவ் நின்றுவிடுகிறது. ஸ்பைக்கர் தாண்டி ஜெயிக்கப் போகிற தறுவாயில் அதன் சக்கரங்கள் டிராம் தண்டவாளத்தில் மாட்டிக்கொள்கின்றன. லண்டனில் டிராம்கள் 1952 ஜூலையோடு நின்றுபோயின; தண்டவாளம் மட்டும் ரோட்டில் கிடந்தது. அந்தச் செத்த தண்டவாளம் ஆம்புரோஸை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இங்கே ஜெனிவீவுக்கு பிரேக் விட்டுப்போகிறது. யாரும் ஓட்டாமல், யாரும் தள்ளாமல், கிழட்டு வண்டி தானாக உருண்டு பாலத்தில் ஏறுகிறது. ஆலனும் வெண்டியும் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.