அரோராவுக்கு ஒரு திருகு வளையம்

வடக்கு ஸ்வீடனில், ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிறது அபிஸ்கோ. சுற்றியுள்ள மலைகள் மேகத்தை மறித்துவிடுவதால், அக்கம்பக்கம் மூடிக்கிடக்கும் இரவுகளிலும் இங்கே வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்திலேயே 70 கிலோமீட்டர் நீளத்துக்கு டோர்னேட்ரஸ்க் ஏரி. அது உறைவதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபர் இரவுகளில் காற்று அடங்கினால் மேலே ஒரு அரோரா எனும் துருவ ஒளி, தண்ணீரில் இன்னொன்று.

இதைப் படமெடுக்கும் வேலைக்கு அடிக்கடி அடிபடும் பெயர் கொரியாவின் சாம்யாங் 14 மிமீ எஃப்/2.8 லென்ஸ், மேனுவல் பதிப்பு. விலை குறைவு, கோணம் அகலம், ஆட்டோஃபோகஸ் கிடையாது. பத்து வருடத்துக்கும் மேலாக ஊரறிந்த சங்கதி இது. பேச வேண்டியது அதன் ஃபோகஸ் வளையத்தைப் பற்றி.

இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் வளையம் பேருக்குத்தான். திருப்பினால் உள்ளே மோட்டாருக்குத் தகவல் போகும். கண்ணாடியை நகர்த்துவது மோட்டார். பொறுமையாக நட்சத்திரத்தில் ஃபோகஸ் வைத்து, பேட்டரியை மிச்சம் பிடிக்க கேமராவை அணைத்து, வானம் பச்சையானதும் மறுபடி போட்டால் சில மாடல்களில் வைத்த இடம் போயே போய்விடும். கையுறையைக் கழற்றி, விரல் விறைக்க, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யார் கேட்டார்கள் இந்த முன்னேற்றத்தை?

சாம்யாங்கில் கை திருகினால் கண்ணாடி நகரும், அவ்வளவுதான். லைவ் வியூவில் வேகா போன்ற பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை திருகி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் பேட்டரியை மாற்றினாலும் கவலையில்லை. குளிர் சட்டென்று இறங்கினால் மட்டும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. வளையத்தில் அச்சிட்ட இன்ஃபினிட்டி குறியை, எந்த லென்ஸானாலும், அப்படியே நம்பக்கூடாது.

ஏரி என்றதும் புதியவர்கள் தண்ணீரின் மேற்பரப்பில் ஃபோகஸ் வைக்கப் பார்ப்பார்கள். தேவையே இல்லை. 100 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் உமிழும் பச்சை ஒளி தண்ணீரில் பட்டுத் திரும்பினாலும் கேமராவுக்கு அதே தொலைவுதான். வானத்துக்கு வைத்ததே பிம்பத்துக்கும் போதும். முழு ஃபிரேம் கேமராவில், 14 மிமீயில், இரண்டரை மீட்டருக்கு அப்பால் கிடக்கும் கரைக் கற்கள்கூட ஓரளவு தெளிவாகவே விழும். அசையாத அரோரா வளைவுக்குப் பத்துப் பதினைந்து விநாடி எக்ஸ்போஷர். ஆடத் தொடங்கிவிட்டால் இரண்டு மூன்று. மீதியை ஐஎஸ்ஓ பார்த்துக்கொள்ளும்.

குறைகள் உண்டு. முன்கண்ணாடி பல்பு மாதிரி புடைத்திருப்பதால் சாதாரண ஃபில்டர் மாட்ட இடமில்லை. ஏரிக்கரை ஈரம் அதில் சீக்கிரம் படிகிறது. கை சூடாக்கும் பொட்டலத்தை ரப்பர்பேண்டால் லென்ஸோடு சேர்த்துக் கட்டுவது வழக்கம், டேப் ஒட்டிய வளையம் நகராமல். இன்னொன்று, மீசை வளைவு. வானத்துக்கு இடம் விட்டு எதிர்க்கரையைப் படத்தின் கீழ்ப்பாதிக்குத் தள்ளினால், நேரான கரைக்கோடு நெளிந்து விழும். காற்றே இல்லாத இரவிலும் ஏரி அலையடிப்பதுபோல் இருக்கும். மென்பொருளில் இந்த லென்ஸுக்கென்றே உள்ள திருத்தத்தைப் போட்டால்தான் கோடு நேராகும்.