வீட்டில் சொல்லிவிட்டு வந்தீர்களா?

அன்று வெள்ளிக்கிழமை. கீழ ராஜ வீதியில் நான் கணக்கு எழுதும் கடையின் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன். வாட்ஸப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. மறுநாள் சென்னையில் ஒருநாள் ரேபிட் செஸ் போட்டி, ஸ்விஸ் முறையில் ஏழு சுற்று. புதுக்கோட்டையிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 390 கிலோமீட்டர். ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை, நுழைவுக் கட்டணத்தை அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய் ஒரு சட்டையை பையில் திணித்துக்கொண்டு, "திருச்சில ஒரு வேலைம்மா, காலைல வந்துடுவேன்"னு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ராமேஸ்வரத்திலிருந்து வரும் ராத்திரி ரயிலில் ரிசர்வ் செய்யாத பெட்டியில் கழிவறைக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது.

இதில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான்தான் அவளை செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டும். அது எனக்கு மறக்கவில்லை. டிக்கெட் எடுக்கும்போதும் ஞாபகம் இருந்தது.

பிரேம்சந்த் 1924இல் எழுதிய 'ஷத்ரஞ்ச் கே கிலாரி' (சதுரங்க ஆட்டக்காரர்கள்) சிறுகதையைக் கல்லூரி நாட்களில் படித்திருந்தேன். சத்யஜித் ராய் 1977இல் அதைப் படமாக்கினார். சென்னையிலிருந்து திரும்பிய இரண்டு வாரத்தில்தான் படத்தைப் பார்த்தேன். இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அதன் அரசியலைப் பேசுகிறார்கள். 1856, லக்னோ. கிழக்கிந்தியக் கம்பெனி அவத் ராஜ்ஜியத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. மிர்ஸாவும் மீரும் என்ற இரண்டு ஜாகிர்தார்கள் காலையிலிருந்து ராத்திரிவரை சதுரங்கம் ஆடுகிறார்கள். நாடு போகிறது, பலகையை விட்டுத் தலை நிமிரவில்லை. கேளிக்கையில் மூழ்கிய ஒரு வர்க்கத்தின் வீழ்ச்சி என்று பாடப்புத்தகமே சொல்லிவிடும். நானும் அப்படித்தான் படித்தேன். போட்டிக்குப் போய்விட்டு வந்த பிறகு எனக்கு அது முதலில் வீட்டைப் பற்றிய கதையாகப்பட்டது.

கதையில் இவர்களை முதலில் கூப்பிடுவது நாடு இல்லை, மனைவி. மிர்ஸாவின் மனைவிக்குத் தலைவலி. ஆள் மேல் ஆள் அனுப்புகிறாள். இவர், இதோ இந்த ஆட்டம் முடியட்டும் என்கிறார். கடைசியில் அவளே வந்து காய்களை வெளியே வீசுகிறாள். ஜாகை மீர் வீட்டுக்கு மாறுகிறது. மீரின் மனைவிக்கோ கணவன் வீட்டில் இல்லாமல் இருப்பதுதான் வசதி. ராஜாவின் ஆள் தேடி வருகிறான் என்று பயம் காட்டி இருவரையும் விரட்ட அவள் ஏற்பாடு செய்கிறாள். அப்புறம் தினமும் விடியற்காலையில் கோமதி ஆற்றைத் தாண்டி, பாழடைந்த ஒரு மசூதிக்குப் போய் ஆடுகிறார்கள். செஸ் ஆடுவதற்காக ஊரைத் தாண்டிப் போனவர்கள் என்று நம் இலக்கியத்தில் தேடினால் எனக்கு இவர்கள் இருவர்தான் முதலில் ஞாபகம் வருகிறார்கள். போனது ஒரு ஆற்றின் தூரம்தான். ஆனால் பொய் சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு கிலோமீட்டர் கணக்கு கிடையாது.

பிரேம்சந்துக்குக் கோபம் அதிகம். அந்தக் கோபம் நியாயமானது. கம்பெனிப் படை கண்ணெதிரே போகிறது, ராஜாவைக் கைதியாகக் கொண்டுபோகிறார்கள், இவர்கள் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு வைத்த காயைத் திரும்ப எடுத்ததாக ஒரு சண்டை. அது பாட்டன் பூட்டன் பெருமைவரை போய், வாளை உருவி, இருவருமே வெட்டிக்கொண்டு சாகிறார்கள். ராஜாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர்கள் பலகை மந்திரிக்காக உயிரைக் கொடுத்தார்கள் என்பது கதையின் குத்தல்.

எனக்கு இந்த முடிவு ஒட்டவில்லை. அது ஆட்டக்காரர்களுக்குத் தேவைக்கு மேல் பெரிய சாவைக் கொடுத்துவிடுகிறது. வாளோடு செத்தவன் எவ்வளவு கேவலமாக வாழ்ந்திருந்தாலும் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் வீரனாகிவிடுகிறான். உண்மையில் நம்மை மாதிரி ஆட்கள் சாவதில்லை. ஏழு ஆட்டத்தில் இரண்டரை பாயிண்ட் எடுத்துவிட்டு எழும்பூரில் தோசை சாப்பிட்டு ரயில் ஏறுகிறோம்.

ராய்க்கு இது தெரிந்திருக்கிறது. படத்தில் மசூதியே இல்லை. மீரின் நினைவில் மட்டும் இருந்த ஒரு மசூதியைத் தேடிப் போய், அது கிடைக்காமல், ஒரு கிராமத்தில் வெட்டவெளியில் பலகையை விரிக்கிறார்கள். சண்டை வருகிறது, மீரின் கைத்துப்பாக்கி வெடிக்கிறது, ஆனால் யாரும் சாகவில்லை. வெட்கமும் அழுகையுமாகக் கொஞ்ச நேரம் போகிறது. பிறகு திரும்பவும் காய்களை அடுக்குகிறார்கள், இந்த முறை இங்கிலீஷ் விதிப்படி. ராஜாவுக்குப் பக்கத்தில் மந்திரி நின்ற கட்டத்தில் இனி ராணி. விக்டோரியா மகாராணி வந்துவிட்டாள் என்பதை இதைவிடச் சத்தமில்லாமல் சொல்ல முடியாது. நம் வீடுகளிலும் ராஜாவுக்குப் பக்கத்தில் ராணியை நிறுத்திவிட்டு, அடுத்துத் தள்ளி நிற்கும் பிஷப்பைத்தான் மந்திரி என்று கூப்பிடுகிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு இடமாற்றம் இருப்பது சின்ன வயதில் எனக்குத் தெரியாது.

புதுக்கோட்டைக்காரனுக்கு இந்தக் காட்சி இன்னொரு விதமாகவும் உறைக்கும். அவத் நவாபுகளும் கம்பெனிக்கு நண்பர்கள்தான், கேட்டபோதெல்லாம் பணம் கொடுத்தவர்கள்தான். இருந்தும் விழுங்கப்பட்டார்கள். எங்கள் தொண்டைமான்களும் கம்பெனிக்கு நண்பர்கள், 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர்கள். அவர்கள் சமஸ்தானம் 1948 மார்ச்வரை இருந்தது. அதன் ராஜாக்களில் ஒருவரான மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க்கைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணத்தை ஆங்கில அரசு ஏற்கவில்லை. ராஜா கடைசியில் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார், 1928இல் பாரிஸில் இறந்தார். அவர் இல்லாதபோது சமஸ்தானத்தைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய சகோதரர். ராஜாவின் காதல் கதையை எங்கள் ஊரில் இப்போதும் சொல்வார்கள். சகோதரர் பார்த்த நிர்வாகத்தைக் கதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இங்கேதான் ராய்மீதும் எனக்கு ஒரு குறை. மிர்ஸாவின் மனைவி குர்ஷித்தாக ஷபானா ஆஸ்மி. காய்களை ஒளித்துவைக்கிறாள், புருஷன்மார் காய்கறியையும் கொட்டைகளையும் பலகையில் அடுக்கி ஆடுகிறார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ராத்திரியில் அவள் தனியாக விழித்திருக்கிற காட்சியில் சிரிப்பு நின்றுவிட்டது. பிரேம்சந்தைவிட ராய் அவள் பக்கம் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறார். ஆனால் ஆண்கள் ஊரைத் தாண்டியதும் படத்தின் மனசு கிராமத்துக்கும் அரண்மனைக்கும் போய்விடுகிறது. கதையிலும் இதே கதிதான். இரண்டு பிணங்களைப் பாழடைந்த சுவர்கள் பார்த்துக்கொண்டிருப்பதோடு முடிகிறது. அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோக யாரும் இல்லை. அன்றைக்கு அந்த வீடுகளில் விளக்கு ஏற்றியது யார், சாப்பாட்டை எடுத்துவைத்துக் காத்திருந்தது யார்? இரண்டு மேதைகளுக்குமே இது கேள்வியாகத் தோன்றவில்லை.

சமகாலத் தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு வேறொரு பதில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் பாகுவில் நடந்த உலகக் கோப்பையில் பிரக்ஞானந்தா இறுதிச் சுற்றுவரை போனபோது, ஓரமாக நின்று மகனைப் பார்த்துச் சிரிக்கும் அம்மா நாகலட்சுமியின் படம் எல்லோர் போனிலும் சுற்றியது. வெளிநாட்டுக்குப் போனாலும் அவர் ரைஸ் குக்கரைக் கொண்டுபோவார் என்பதும் செய்தியானது. குகேஷின் அப்பா ஈஎன்டி டாக்டர். மகனோடு போட்டி போட்டியாகப் போவதற்காகத் தன் தொழிலை நிறுத்தினார், குடும்பத்தைத் தாங்கியது அம்மாவின் சம்பளம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அன்று நாம் கொண்டாடியது பலகைமேல் நடந்ததை. அதற்கு அடியில் ஒரு வீடு பல வருஷம் முட்டுக்கொடுத்து நின்றது. மீரும் மிர்ஸாவும் வீட்டிலிருந்து ஓடினார்கள். இவர்கள் வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போனார்கள்.

இதையும் நான் புனிதமாக்க விரும்பவில்லை. வேலையை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போகிற வசதி எல்லா வீட்டுக்கும் கிடையாது. சாம்பியன் ஆகாத பிள்ளைகளோடும் அம்மாக்கள் போகிறார்கள். அன்று சென்னையில் போட்டி நடந்த ஹாலுக்கு வெளியே வராண்டாவில் பாய் விரித்து, டிபன் பாக்ஸும் தண்ணி பாட்டிலுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தது அவர்கள்தான்.

மூன்றாவது சுற்றில் எனக்கு எதிரே வந்தவன் ஒன்பது வயதுப் பையன். நாற்காலியில் மண்டி போட்டு உட்கார்ந்தால்தான் அவனுக்குப் பலகை எட்டியது. இருபதாவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் நான் குதிரையைத் தொட்டேன். தொட்ட பிறகுதான் தெரிந்தது, அது நகர்ந்தால் என் ராணி போய்விடும். மீரும் மிர்ஸாவும் என்றால் இந்த இடத்தில் பாட்டன் பெயரை இழுத்திருப்பார்கள். போட்டியில் அதற்கு வழியில்லை, தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். பையன் ஒன்றும் சொல்லவில்லை, என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நகர்த்தினேன்.

வெளியே வந்து குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவனுடைய அம்மா பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருங்க தம்பி?"

"புதுக்கோட்டைங்க."

"அம்மாடி, அவ்ளோ தூரத்துலருந்தா? வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

சும்மா கேட்டார். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். மணி பதினொன்றரை. அப்புறம்தான் அம்மாவுக்கு போன் செய்தேன். எடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. "ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம். அம்மாவ உள்ள கூப்ட்ருக்காங்க. நீ எங்கடா இருக்க?" பின்னால் டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டது. நாலாவது சுற்றுக்கு பேரிங் ஒட்டிவிட்டார்கள் என்று ஹாலில் எல்லோரும் ஓடினார்கள். நானும் போனை வைத்துவிட்டு ஓடினேன். அதுதான் உண்மை. அந்த ஆட்டத்தில் ஜெயித்தேன் என்பதும் உண்மை.

ராயின் முடிவு எனக்கு ஏன் இவ்வளவு சரியாகத் தோன்றுகிறது என்றால் இதனால்தான். வெட்கப்பட்ட பிறகும் அவர்கள் ஆடுகிறார்கள். வெட்கம் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. பிரேம்சந்த் தண்டனை கொடுத்து நம்மை நிம்மதியாக அனுப்பிவிடுகிறார், ராய் அந்த நிம்மதியைத் தருவதில்லை. ஒரே ஒரு காட்சி மட்டும் எனக்குக் குறைகிறது. பொழுது சாய்ந்து மிர்ஸா வீடு திரும்புவார் இல்லையா? கதவைத் திறக்கிற குர்ஷித் என்ன கேட்பாள்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வீட்டுக்கு வந்தேன். அம்மா கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். இருட்டில் எதற்கு அந்தக் கண்ணாடி என்று கேட்க வாய் வரவில்லை. டாக்டர் எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னதாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஜெயிச்சியா?" என்றாள்.

"ரெண்டு ஆட்டம் ஜெயிச்சேன். ஒண்ணு டிரா."

"சரி. அடுத்த தடவ சென்னைன்னே சொல்லிட்டுப் போ. ரெண்டு இட்லி கட்டிக் குடுத்திருப்பேன்ல."