சியர்லீடர் கொலைப்படம்: யசோதர காவியத்தின் வழியே ஒரு நோக்கு

அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கென்றே எடுத்த ஒரு கொலைப்படத்தைப் பற்றிச் சங்கத்து மலரில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். அதிலும் சமண நூல்களைப் புரட்டுகிறவனுக்குக் கொலைப்படத்தோடு என்ன சகவாசம் என்றும் கேட்பார்கள். கொல்லாமையைப் பற்றிப் பேசுகிறவன் கொலையைப் பற்றிப் படிக்காமல் எப்படிப் பேசுவது? நம்ம காவியங்களைத் திறந்து பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் கொலைதானே இருக்கிறது.

நான் சொல்லும் படம் 1994 செப்டம்பர் 19 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது. அன்றைக்கு அதன் பெயர் 'எ ஃபிரண்ட் டு டை ஃபார்'. பிற்பாடு 'டெத் ஆஃப் எ சியர்லீடர்' என்று பெயர் மாறி, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இயக்கியவர் வில்லியம் கிரஹாம். ராண்டல் சல்லிவன் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் எழுதிய கட்டுரைதான் மூலம். அந்தக் கட்டுரைக்கு மூலம், நிஜமாகவே நடந்த ஒரு கொலை.

கலிஃபோர்னியாவில் ஓக்லாந்துக்குக் கிழக்கே, மலைகளுக்கு அந்தப் பக்கம் ஒரிண்டா என்று வசதியான ஊர். 1984 ஜூன் 23 இரவு அங்கே பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். மிராமான்ட்டே உயர்நிலைப்பள்ளி மாணவி. பள்ளி விளையாட்டுகளில் கூட்டத்தை உற்சாகப்படுத்தும் சியர்லீடர் அணியில் இடம் பிடித்தவள். மாணவிகள் சங்கம் ஒன்றின் இரகசிய விருந்துக்கு அழைத்துப்போக வருகிறோம் என்று தொலைபேசியில் பொய் சொல்லி அவளை வரவழைத்தவள் அதே பள்ளியில் படித்த, அதே வயதுப் பெண். காரில் பேச்சு முற்றி, அந்தப் பெண் இறங்கி ஓடித் தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டுக்காரர் அவளைத் தம் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னாலேயே இன்னொரு கார் வந்தது. வாசலில் இரண்டு பெண்கள் மோதிக்கொள்வதைக் கண்டவர் கைகலப்பு என்றுதான் நினைத்தார்.

கொன்றவள் அகப்பட ஏறக்குறைய ஆறு மாதம் ஆயிற்று. எஃப்.பி.ஐ. விசாரணையில் பொய் கண்டறியும் கருவியின் முன் உட்கார்ந்த பிறகு, டிசம்பரில் பெற்றோருக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டாள். 1985இல் சிறார் நீதிமன்றம் இரண்டாம் நிலைக் கொலை என்று தீர்த்தது. 1992இல் விடுதலை. படம் ஒளிபரப்பானபோது அவள் வெளியே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதைப் படத்தைப் பார்க்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீடுகளின் கதவுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.

படத்தில் ஊரின் பெயர் சாண்டா மிரா. கொல்பவள் ஏஞ்சலா (கெல்லி மார்ட்டின்), கொல்லப்படுகிறவள் ஸ்டேசி (டோரி ஸ்பெல்லிங்). ஏஞ்சலா இந்த வருஷம் மூன்று இடங்களைப் பிடித்தே தீருவது என்று இறங்குகிறாள்: மாணவிகள் சங்கம், பள்ளி ஆண்டுமலர்க் குழு, சியர்லீடர் அணி. முதலாவது கிடைக்கிறது, மற்ற இரண்டும் நழுவிவிடுகின்றன. இதற்கா ஒரு கொலை என்று நமக்குத் தோன்றும். படத்தின் முதல் வெற்றியே, அப்படித் தோன்றவிடாமல் செய்வதுதான்.

சமண நூல்கள் உயிரைக் கட்டிப்போடும் கசாயங்கள் நான்கு என்னும்: குரோதம், மானம், மாயை, லோபம். ஒவ்வொன்றுக்கும் நான்கு தரம் உண்டு. மானத்துக்குச் சொல்லும் உவமை கல்தூண், எலும்பு, மரம், பிரம்பு. பிரம்பு சுலபமாக வளையும். கல்தூண் வளையவே வளையாது, உடைந்தால்தான் உண்டு. கெல்லி மார்ட்டின் நடிப்பைப் பாருங்கள். வெளியே முழுக்கப் பிரம்பு. யார் என்ன சொன்னாலும் சிரிப்பு, பணிவு, மன்னிப்புக் கேட்கும் குரல். உள்ளே கல்தூண். ஸ்டேசி அவளைக் கேவலமாகப் பேசும் அந்த நொடியில் முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை, கண் மட்டும் நின்றுபோகிறது. மானம் என்றவுடன் நாம் தலை நிமிர்ந்து நடக்கிறவனைத்தான் நினைக்கிறோம். எல்லாரிடமும் நல்ல பேர் வாங்கத் துடிக்கிற கூச்சக்காரப் பெண்ணிடமும் அதே மானம் குடியிருக்கும் என்பதை இந்தப் படம் காட்டுகிற அளவுக்கு உரையாசிரியர்கள்கூட விளக்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

மாயைக்கும் இங்கே நல்ல சான்று கிடைக்கிறது. கொலைக்குப் பிறகு ஏஞ்சலா மற்றவர்களோடு சேர்ந்து துக்கம் காக்கிறாள். கறுப்பு உடை உடுத்தும், யாரோடும் ஒட்டாத ஒரு மாணவியை ஊரே சந்தேகிக்கிறது. அந்தப் பெண் பள்ளியை விட்டே போக நேர்கிறது. ஏஞ்சலா வாய் திறப்பதில்லை. நிஜத்திலும் இப்படி ஒரு மாணவி பழி சுமந்தாள். இந்தப் பகுதியைப் படம் இன்னும் விரித்திருக்கலாம். விளம்பர இடைவெளிக்கு முன்னால் ஒரு திடுக்கிடல் வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதிய கதை, இந்த மெதுவான கொடுமைக்கு நேரம் ஒதுக்கவில்லை. இரண்டு மணி நேர இடத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். கடைக்காரன் அலமாரியில் சரக்கு அடுக்குகிற மாதிரிதான் காட்சிகளும்: கண்ணில் படும் தட்டில் எது விற்குமோ அது.

இனி என் குறைக்கு வருகிறேன். படம் முழுக்கக் கொல்பவளின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. அவள் அறை, அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, அவள் தாய் (வலெரி ஹார்ப்பர், நன்றாகவே செய்திருக்கிறார்) எல்லாம் நமக்குப் பழகிவிடுகின்றன. ஸ்டேசியோ ஏஞ்சலாவின் கண்ணுக்குத் தெரிகிற ஸ்டேசி மட்டும்தான்: அழகி, பணக்காரி, நாக்கில் விஷம். பெவர்லி ஹில்ஸ் தொடரால் ஏற்கெனவே எல்லா வீட்டுக்கும் தெரிந்த முகமான டோரி ஸ்பெல்லிங்கை அதற்குப் போட்டது வியாபாரத்துக்குச் சரி. விளைவு என்ன? கத்தி விழும்போது பார்ப்பவர் மனத்தின் ஒரு மூலை, 'இவளுக்கு இது வேணும்' என்கிறது. நிஜத்தில் செத்துப்போன அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதைச் செய்யலாமா? அவள் பதில் சொல்ல வரமுடியாது. உயிரோடிருப்பவள் கடிதம் எழுதினாள், விசாரணையில் பேசினாள், காரணம் சொன்னாள். அந்தக் காரணமே படத்தின் கதையாகிவிட்டது.

யசோதர காவியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாரிதத்தன் என்ற அரசன் சண்டமாரிக்குப் பலி கொடுக்க இரண்டு இளம் பிள்ளைகளைப் பிடித்துவரச் செய்கிறான். அபயருசி, அபயமதி என்ற அண்ணனும் தங்கையும், இந்தக் கொலைப்படத்துப் பெண்களைப் போல இளவயதினர்தான். வாள் தயாராக இருக்கிறது. அங்கே கதை சொல்கிறவன், கொல்லப்பட நிற்கும் அபயருசி. முற்பிறவியில் யசோதரனாக இருந்து, தாய் சொல் கேட்டு மாவால் செய்த கோழியை வெட்டியதையும், அந்த வினையால் மயிலாகவும் நாயாகவும் தொடங்கித் தானும் தாயும் பிறவி பிறவியாகப் பட்ட பாட்டையும் சொல்கிறான். கேட்ட அரசன் கையிலிருந்து கொலை நழுவுகிறது. பலியாக நிற்பவன் பேசுகிறான், கொல்ல வந்தவன் கேட்கிறான். பெயர் தெரியாத அந்தச் சமணப் புலவருக்கு, யார் வாயில் கதையைக் கொடுப்பது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மாக்கோழி இன்னொன்றுக்கும் உதவும். கொலையில் திட்டம் இருந்ததா என்பதே வழக்கின் முக்கியக் கேள்வி. கத்தி அவள் கொண்டுவந்ததல்ல, காய் நறுக்க வைத்திருந்தது காரில் கிடந்தது என்று அவள் தரப்பில் சொல்லப்பட்டது. படமும் அதையே ஏற்றுக்கொள்கிறது. யசோதரன் வெட்டியது மாவு, ஆனால் எண்ணம் கோழியை வெட்டியது, அதனால் வினை ஒட்டியது. இங்கே எண்ணம் இல்லை என்கிறாள், ஆனால் வெட்டுண்டது உயிர். பிரமாதம், அதாவது விழிப்பில்லாத மனநிலை, அதுவே இம்சைக்கு வேர் என்று தத்துவார்த்த சூத்திரம் வைப்பதைப் பார்த்தால், 'திட்டமா, தற்செயலா' என்ற இரண்டு பெட்டிக்குள் இந்த விஷயம் அடங்காது. அவள் திரும்பவும் காரில் ஏறிப் பின்தொடர்ந்தாளே, அந்தச் சில நிமிஷங்கள் என்ன மனத்தோடு ஓட்டினாள்? படம் அந்தப் பயணத்தைச் சட்டென்று கடந்துவிடுகிறது. நான் இயக்குநராயிருந்தால் ஒரு விளம்பரத்தையே தூக்கிவிட்டு அதற்கு இடம் கொடுத்திருப்பேன். சிரிக்க வேண்டாம்.

2019இல் லைஃப்டைம் தொலைக்காட்சி இதையே மறுபடி எடுத்தது. அதில் கெல்லி மார்ட்டின் விசாரணை அதிகாரியாக வருகிறார். அன்று குற்றவாளியாக நடித்தவர் இன்று குற்றவாளியை விசாரிக்கிறார் என்பது விளம்பரத்துக்கு நல்ல செய்தி. ஆனால் அந்தப் படத்திலும் கதை கொல்பவள் வாயில்தான் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால் 1994ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள். பார்க்கும்போது ஸ்டேசி தன் வீட்டாரோடு இருக்கிற காட்சிகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம்.