உள்ளூர் மூலநிரல் களஞ்சியம்: தமிழ்க் கட்டற்ற மென்பொருள் ஆக்கம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழுக்கான கட்டற்ற மென்பொருள்களின் மூலநிரல் பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனங்களின் வழங்கிகளிலேயே பேணப்படுகிறது. உள்ளூரில் தனிக் களஞ்சியம் வேண்டும் என்போரும், அது வீண் சுமை என்போரும் உள்ளனர். இரு சாராரும் களஞ்சியத்தை ஒரு சேமிப்பிடமாக மட்டுமே கொள்கின்றனர் என்பதை இக்கட்டுரை சுட்டுகிறது. நிரலோடு அதனை மாற்றியமைத்த காரணங்களையும் காக்கும்போதே உள்ளூர்க் களஞ்சியம் பயனுடையதாகும் என்பது இதன் கருத்து. விழுப்புரம் மாவட்டத்தின் திருவக்கரை, திண்டிவனம் வட்டாரம் முன்னிறுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், மூலநிரல், களஞ்சியம், கிட், தமிழ்க் கணிமை, திருவக்கரை.

முன்னுரை

தமிழ்க் கணிமையில் தன்னார்வலர்களின் உழைப்பு பெரிது. 2012இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய செய்திகளைத் தமிழில் எழுதி வந்துள்ளது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு ஊரக மாணவர்களுக்கு அத்தகைய மென்பொருள்களைக் கற்பித்து வருகிறது. எழில் நிரல்மொழி, ஓப்பன்-தமிழ் நிரலகம் ஆகியன தமிழுக்கெனவே ஆக்கப்பட்டவை. இவ்விரண்டின் மூலநிரலும் கிட்ஹப் தளத்தில் உள்ளது. அத்தளத்தை 2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 750 கோடி டாலருக்கு வாங்கியது. ஆக்கியோர் தமிழர், பயன்கொள்வோர் தமிழர்; ஆயினும் ஆக்கம் நிகழும் இடம் ஒரு வணிக நிறுவனத்தின் உடைமையாக உள்ளது. இந்நிலை எத்தகைய குறையை உண்டாக்குகிறது என்பதே ஆராயத்தக்கது.

பரவல் முறை என்னும் வாதம்

உள்ளூர்க் களஞ்சியம் தேவையில்லை என்போர் முன்வைக்கும் முதன்மையான வாதம், கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறையின் இயல்பிலிருந்து எழுவது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய இம்முறையில், நிரலைப் படியெடுக்கும் ஒவ்வொருவரும் இயல்பாக அதன் முழு வரலாற்றையும் பெறுகின்றனர். ஒவ்வொரு மாற்றத்தின் அடையாள எண்ணும் அதற்கு முந்தைய மாற்றத்தின் எண்ணைச் சார்ந்தே கணிக்கப்படுகிறது. ஆதலால் பழைய மாற்றம் ஒன்றை எவரேனும் திருத்தினால், அதற்குப் பின்வரும் எண்கள் அனைத்தும் மாறிவிடும், திருத்தம் வெளிப்படும். ஏட்டுச் சுவடிகளில் இவ்வசதி இல்லை. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டே பாடம் தேர வேண்டியிருந்தது. எந்த ஏடு எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்பதை ஏடுகள் பொதுவாகக் கூறுவதில்லை. கிட் முறையோ அவ்வழிமரபைத் தானே பதிவுசெய்கிறது.

இவ்வாதம் நிரலைப் பொறுத்தவரை சரியானதே. ஆனால் மென்பொருள் ஆக்கம் நிரலோடு முடிவதில்லை. வழு முறையீடுகள், அவற்றின் மீதான உரையாடல், ஒரு திருத்தத்தை ஏற்றதற்கும் மறுத்ததற்கும் கூறப்பட்ட காரணங்கள் ஆகியவை கிட்ஹப் போன்ற தளங்களில் கிட் படிகளுக்கு வெளியே, தளத்தின் தரவுத்தளத்தில் உள்ளன. படியெடுப்பவருக்கு இவை கிடைப்பதில்லை.

தமிழைப் பொறுத்தவரை இவ்விழப்பு சிறியதன்று. ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். யூனிகோடு முறையில் இதனைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளால் எழுதலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். எளிய நிரல் ஒன்று எண்ணினால் ஒன்று இரண்டாகவும் மற்றது மூன்றாகவும் அமையும். தமிழ் இலக்கணப்படியோ அது ஓரெழுத்து. சொற்பிழை திருத்தியோ அகரவரிசை நிரலோ இவற்றுள் எதனைக் கொள்வது என்பது இலக்கணமும் கணிமையும் கூடி எடுக்கும் முடிவு. நிரலில் எஞ்சுவது முடிவு மட்டுமே. அதற்கு இட்டுச்சென்ற விவாதம் மறைந்தால், அடுத்து வரும் நிரலர் அதே தவற்றை மீண்டும் செய்வார்.

தளங்களின் நிலையாமை

கூகுள் கோட் தளத்தை மூடும் அறிவிப்பு 2015 மார்ச்சில் வெளியாயிற்று. 2016 தொடக்கத்தில் அது மூடப்பட்டு, படிப்பதற்கு மட்டுமான காப்பகமாக எஞ்சியது. கிட்டோரியஸ் தளமும் 2015இல் கிட்லேப் நிறுவனத்தின் கைக்கு மாறி மூடப்பட்டது. இவை நிறுவன முடிவுகள். அரசாணையும் இவ்விளைவை உண்டாக்கக்கூடும். 2014 டிசம்பரில் இந்தியாவில் 32 இணையதளங்கள் முடக்கப்பட்டபோது கிட்ஹப், சோர்ஸ்ஃபோர்ஜ் ஆகியனவும் அப்பட்டியலில் இருந்தன. 2019இல் அமெரிக்கத் தடைச் சட்டங்களின் காரணமாக ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய பகுதிகளின் நிரலர்களுக்குக் கிட்ஹப் சேவை கட்டுப்படுத்தப்பட்டது. நிரல் கட்டற்றதாக இருந்தாலும், அதனை அடையும் வழி கட்டற்றதாக இருப்பதில்லை என்பது இவற்றால் பெறப்படும்.

இந்திய அரசு 2017இல் ஓப்பன்ஃபோர்ஜ் என்னும் களஞ்சியத்தைத் தொடங்கியது. அதன் முதன்மை நோக்கம் அரசுச் செயலிகளின் நிரலைப் பகிர்தல். தன்னார்வத் தமிழ் நிரலரின் தேவை அதற்குப் புறம்பானது.

காப்பகமும் களஞ்சியமும்

சங்கராபரணி ஆற்றுப் பகுதியிலுள்ள திருவக்கரையில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் கல்மரப் பூங்கா உள்ளது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் மண்ணுள் புதையுண்டு, மரப்பொருளின் இடத்தைச் சிலிக்கா நிரப்பியதால் கல்லாயின. மரத்தின் உள்ளமைப்பு அழியாமல் நிற்கிறது. ஆனால் மரம் இனித் தளிர்ப்பதில்லை.

காப்பகத்திற்கும் களஞ்சியத்திற்கும் உள்ள வேறுபாடு இதனையொத்தது. பிரான்சின் இன்ரியா நிறுவனம் 2016இல் அறிமுகப்படுத்திய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் திட்டம் உலகின் பொது மூலநிரலைத் திரட்டிக் காக்கிறது. இது போற்றத்தக்க பணி. எனினும் அங்கு வழுவை முறையிடவோ திருத்தத்தை அனுப்பவோ இயலாது. களஞ்சியம் என்பது கொடுக்கவும் கொள்ளவும் உரிய இடம். ‘எங்கோ ஒரு படி இருக்கிறது’ என்னும் ஆறுதல் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகிறது.

உள்ளூர் என்பதன் எல்லை

உள்ளூர்க் களஞ்சியத்தை ஆதரிப்போர் வாதத்திலும் குறை உண்டு. உள்ளூரில் இருப்பதே பாதுகாப்பு என அவர்கள் கொள்கின்றனர். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது, விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. திண்டிவனத்து அறை ஒன்றில் ஒரே வழங்கியை வைத்து நம்பியிருப்பது அறிவுடைமையாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதனவும் இருந்தன. ஓரிடத்தில் மட்டும் இருப்பது, அவ்விடம் நம்முடையதாயினும், இடர்ப்பாடே.

டெபியன் 2018இலும் கே.டி.இ. 2020இலும் தம் சொந்தப் பொறுப்பில் கிட்லேப் வழங்கிகளுக்கு மாறின. அவற்றைச் சான்றாகக் காட்டுவோர், அவற்றின் பின்னுள்ள பராமரிப்போர் அணியைக் கணக்கில் கொள்வதில்லை. வழங்கியை நிறுவுவது ஒரு நாள் வேலை. பேணுவது பல்லாண்டு வேலை.

ஏற்கத்தக்க அமைப்பு

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று தேவைகள் பெறப்படுகின்றன. முதலாவது, அளவில் சிறியதாயிருத்தல். சில நிரலர் மட்டும் கூடும் இடத்தில், பொதுக் கணினி ஒன்றிலுள்ள வெற்றுக் கிட் களஞ்சியமே போதும். வழு முறையீடும் உரையாடலும் வேண்டுமெனின், ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலும் இயங்கும் கிட்டீ மென்பொருளை நிறுவலாம். கிட்ஹப் தளத்திலுள்ள முறையீடுகளையும் அது இடம்பெயர்த்துக் கொள்ளும்.

இரண்டாவது, மாவட்டத்திற்கு வெளியே தொடர்ந்து புதுப்பிக்கப்படும் பிரதி. நிரலோடு உரையாடல் தரவுத்தளத்தின் காப்புப்படியும் அதில் சேர வேண்டும். நிரலை மட்டும் பிரதியெடுத்தால் முற்கூறிய குறையே மீளும். இணைய இணைப்பு நலிந்த ஊர்களில், வரலாறு முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும் கிட்டின் பண்டில் வசதியைப் பயன்படுத்தி, விரலியில் நிரலைக் கொண்டுசெல்லலாம்.

மூன்றாவது, தமிழில் காரணம் எழுதும் வழக்கம். ஒவ்வொரு மாற்றத்தோடும் அதன் காரணத்தை மாற்றக் குறிப்பிலேயே எழுதினால், அது கிட் வரலாற்றின் உறுப்பாகி, எல்லாப் படிகளிலும் பரவும். செலவற்ற இவ்வழக்கமே மூன்றிலும் வலிமை மிக்கது. ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் ஊரக மாணவரும் இதனால் பங்களிப்பாளராவார். ‘கொ’ ஓரெழுத்து என்னும் அவரது மொழியறிவு விவாதத்தில் இடம்பெறும்.

முடிவுரை

உள்ளூர்க் களஞ்சியத்தை உலகத் தளங்களுக்கு எதிராக நிறுத்துவது பொருந்தாது. அவற்றையும் ஒரு பிரதியாகக் கொண்டு இயங்குவதே தக்கது. அதன் மதிப்பு வழங்கி அமைந்துள்ள ஊரைப் பொறுத்ததன்று. எவர் அதனைப் பேணுகின்றனர், எம்மொழியில் காரணம் கூறுகின்றனர், அக்காரணங்கள் எத்தனை இடங்களில் காக்கப்படுகின்றன என்பவற்றைப் பொறுத்தது. பேணுவோர் குறைந்தது இருவரேனும் உறுதியாகாத நிலையில் வழங்கி வாங்குவதை விட, மாற்றக் குறிப்புகளைத் தமிழில் எழுதப் பழகுவதே முதற்பணியாகத் தக்கது.