மறுதேர்வு இல்லை: ஒரு முழக்கத்தை மறுவாசிப்பு செய்தல்

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இரண்டு முறைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்கிற கோரிக்கை இயக்க நண்பர்களிடையே அடிக்கடி எழுகிறது. ‘ஒரே ஆளு முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தா அதுக்குப் பேரு ஜனநாயகமா?’ இந்தக் கோபம் நியாயமானது. பதவி சொத்தாவதையும் சொத்து வாரிசுக்குப் போவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இந்தக் கோரிக்கை அதிகாரம் நாற்காலியில் இருப்பதாக நம்புகிறது. நாற்காலியைக் கொடுக்கிறவர் யார் என்று அது கேட்பதில்லை. கேட்காமல் விட்டால் என்ன நேரும் என்பதை மெக்சிகோவின் வரலாற்றில் பார்க்கலாம்.

‘செயல்படும் வாக்குரிமை, மறுதேர்வு இல்லை.’ 1910இல் பிரான்சிஸ்கோ மதேரோ போர்ஃபிரியோ டியாஸுக்கு எதிராக எழுப்பிய முழக்கம் இது. மெக்சிகோ புரட்சியின் வாசலைத் திறந்த முழக்கம். இதில் ஒரு விநோதம் இருக்கிறது. இதே டியாஸ் 1871இல் குவாரெஸ் மீண்டும் அதிபரானதை எதிர்த்துக் கலகம் செய்தபோது அவர் கையில் இருந்த ஆயுதமும் ‘மறுதேர்வு இல்லை’ என்பதுதான். 1876இல் அதே பேச்சோடு ஆட்சியைப் பிடித்தார். நடுவில் நான்கு வருஷம் தன் ஆளை உட்காரவைத்ததைத் தவிர, 1911 வரை அவர் இறங்கவில்லை. ஒரே வாசகம் கலகக்காரனுக்கும் பயன்பட்டது, அவனே சர்வாதிகாரியானபோது அவனை எதிர்த்தவர்களுக்கும் பயன்பட்டது. ஆகவே இந்த முழக்கத்தைப் புனிதமாகக் கருதத் தேவையில்லை. ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம்.

1917 அரசியல் சட்டம் அதிபருக்கு மறுதேர்வைத் தடை செய்தது. முன்னாள் அதிபர் ஒப்ரேகோனுக்காக அந்தத் தடை தளர்த்தப்பட்டது. அவர் 1928இல் மறுபடி வென்றார், பதவியேற்கும் முன்பே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த வருஷம் காயேஸ் ஒரு கட்சியை உருவாக்கினார். பின்னாளில் பி.ஆர்.ஐ. என்று பெயர் மாறிய கட்சி அது. 1933இல் அந்தக் கட்சியின் ஆட்சியில்தான் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் தொடர்ச்சியான மறுதேர்வு தடை செய்யப்பட்டது. புரட்சியின் வாக்குறுதி நிறைவேறிவிட்டது என்றார்கள்.

நிறைவேறியது என்ன? கீழ்சபை உறுப்பினருக்கு மூன்று வருஷம். அது முடிந்ததும் அதே இடத்துக்கு உடனே நிற்க முடியாது. அப்புறம் அவர் எங்கே போவார்? செனட்டுக்கு, மாநில அரசுக்கு, ஏதாவது ஒரு வாரியத்துக்கு. அந்த வேலைகளைக் கொடுப்பது கட்சித் தலைமை, கட்சிக்கும் தலைவர் அதிபர். தொகுதி மக்கள் அவருக்குப் பரிசும் தரமுடியாது, தண்டனையும் தரமுடியாது. அவர் பார்க்க வேண்டிய முகம் ஒன்றே ஒன்றுதான், அது தலைநகரில் இருந்தது. அடுத்த அதிபரையும் பதவியில் இருக்கிற அதிபரே விரல் காட்டித் தேர்ந்தெடுத்தார். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கட்சி 2000 வரை 71 ஆண்டுகள் அதிபர் பதவியை விடவில்லை. அரசாங்கக் கடிதங்களின் அடியில் அந்த முழக்கம் பல பத்தாண்டுகளாக அச்சாகிக்கொண்டே இருந்தது. ஸ்பானிய மூலத்தில் ‘இல்லை’ என்ற சொல் ‘மறுதேர்வு’க்கு முன்னால் வருகிறது. காற்புள்ளியை ஒரு சொல் தள்ளி வைத்துப் பாருங்கள்: ‘செயல்படும் வாக்குரிமை இல்லை, மறுதேர்வு.’ கட்சியைப் பொறுத்தவரை நடந்தது இதுதான்.

2014இல் மெக்சிகோ இந்தத் தடையைத் தளர்த்தியது. கீழ்சபை உறுப்பினர் தொடர்ந்து நான்கு முறை இருக்கலாம் என்றானது. 2025இல் அதிபர் ஷெயின்பாம் கொண்டுவந்த திருத்தம் 2030 முதல் மறுபடியும் தடை என்கிறது. ஆனால் இம்முறை நெருங்கிய உறவினர் அதே பதவிக்கு அடுத்து வருவதற்கும் தடை சேர்ந்திருக்கிறது. ஆளை மட்டும் தடுத்தால் போதாது என்கிற அளவுக்குப் புரிந்திருக்கிறது.

உறவினர் விஷயத்துக்கு பிலிப்பைன்ஸ் போக வேண்டும். மார்க்கோஸ் வீழ்ந்தபின் வந்த 1987 அரசியல் சட்டம் கீழ்சபை உறுப்பினருக்குத் தொடர்ந்து மூன்று முறைதான் என்றது. அரசியல் வம்சங்களை அரசு தடை செய்யும், விவரத்தைச் சட்டம் சொல்லும் என்றும் எழுதிவைத்தது. அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டிய மன்றத்தில் வம்சங்களே உட்கார்ந்திருந்தன, பல பத்தாண்டுகள் போய்விட்டன. கணவர் முறை முடிந்ததும் மனைவி, அப்புறம் மகன். நாற்காலி வீட்டுக்குள்ளேயே சுற்றியது.

அப்போ அதிபருக்கும் வரம்பு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். போலீசும் ராணுவமும் கஜானாவும் கையில் இருக்கிறவனை வெளியேற்ற ஒரு தேதி இருப்பது நல்லது. சட்டமன்ற உறுப்பினரின் வேலையோ அவனைக் கேள்வி கேட்பது. பட்ஜெட்டைப் படிக்கக் கற்று, அதிகாரியின் பொய்யைக் கண்டுபிடிக்கப் பழகிய நேரத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பினால் லாபம் யாருக்கு?

நம் பக்கம் திரும்புவோம். 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடும். சீட்டையும் தலைமைதான் கொடுக்கிறது. இதன்மேல் காலவரம்பையும் சேர்த்தால் மெக்சிகோவை இங்கேயே கட்டிவிடலாம். 2021இல் கேரளத்தில் சிபிஐ(எம்) தொடர்ந்து இரண்டு முறை இருந்தவர்களுக்கு சீட் இல்லை என்றது. தாமஸ் ஐசக், ஜி. சுதாகரன் போன்ற அமைச்சர்களும் விலக்கப்பட்டார்கள். புதியவர்கள் வந்தது உண்மை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வரம்பை வைத்ததும் பழைய ஆட்களின் இடத்தில் யார் என்று முடிவு செய்ததும் கட்சிதான். அதே வருஷம் அறுபதாயிரத்துக்கும் மேல் வாக்கு வித்தியாசத்தில் வென்ற சைலஜா டீச்சருக்கு மந்திரிசபையில் இடமில்லை. அறுபதாயிரம் வாக்கு வித்தியாசத்துக்கு அந்த முடிவில் பேச்சுரிமை இல்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். காலவரம்பு இந்த நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. ஊராட்சிகளில் தனித்தொகுதியும் பெண்கள் தொகுதியும் சுழலுகின்றன. 73ஆவது திருத்தம் அதற்கு வழி செய்தது. ஒரு தலித் பெண் தலைவராகி, தண்ணீர்த் தொட்டிக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் சண்டை போட்டு, அலுவலகத்தில் பேச ஆரம்பிக்கும்போது தொகுதி பொதுவாகிவிடுகிறது. பொதுத் தொகுதியில் நிற்கச் சட்டத்தில் தடையில்லை, ஊர் விடாது. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்டார். தனித்தொகுதியிலேயே ஊர் எவ்வளவு விட்டது என்பதற்கு அது பதில். 2023இல் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தமும் ஒவ்வொரு தொகுதி மறுவரையறைக்குப் பிறகும் இடங்கள் சுழலும் என்கிறது. ஆக, நீண்ட காலம் இருந்து அனுபவமும் ஆதரவும் சேர்க்கும் உரிமை யாருக்கு மிச்சம்? பொதுத் தொகுதியில் நிற்கும் ஆதிக்க சாதி ஆணுக்கு.

ஆகவே நண்பர்கள் வேறு கோரிக்கைகளை முன்வைக்கலாம் என்று படுகிறது. கொறடா உத்தரவு நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் பண மசோதாவுக்கும் மட்டும் என்று ஆகட்டும். வேட்பாளரைக் கட்சியின் உள்ளூர் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். தனித்தொகுதியில் வென்றவர் வேர்பிடிக்கும்வரை சுழற்சி நீளட்டும்.

மறுபடி ஓட்டுக் கேட்டு வருகிறவன் நமக்குப் பயப்பட ஒரு காரணமாவது வைத்திருக்கிறான். அவன் திரும்பி வர வேண்டிய தெருவை நாமே அடைத்துவிட்டால், அவன் தலைவர் வீட்டு வாசலில்தான் நிற்பான்.