கணக்கு உதைக்கும் இடம்

பேரேட்டில் கணக்கு உதைத்தால், பழகிய கணக்கர் பக்கம் பக்கமாகப் புரட்டுவதில்லை. வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்று முதலில் பார்ப்பார். வகுபட்டால் எங்கோ 54-ஐ 45 என்று இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். தொலைந்த தொகையே தொலைந்த விதத்தைச் சொல்லிவிடுகிறது. வீட்டு சர்வரில் ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவு இடிக்கும்போது அதைத் துப்புத் துலக்குவதும் இதே கலைதான். ஆனால் பலர் அதைக் கலையாக மதிப்பதில்லை. எண் குறைந்தால் ஃபார்மட் பண்ணு, இல்லையென்றால் புது டிஸ்க் வாங்கு என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். நல்ல கைகாரர் டிஸ்க்கைத் தொடும் முன்னால் மிச்சத்தைக் கடைசி பைட் வரை எண்ணிப் பெயர் வைக்கிறார். நான் ரசிப்பது அந்த நிதானத்தைத்தான்.

பாலபாடத்தை முதலில் கழித்துவிடலாம். 4 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் 3.63 என்கிறது, 2009-க்குப் பிந்தைய மேக் 4 என்றே காட்டுகிறது. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுத்துக்கொண்டே போகிறது என்பதுதான் விஷயம். ஒரே நெல்லை இரண்டு ஊர் மரக்காலால் அளந்த கதை. கிலோவில் 2.4 சதவீதமாக இருந்த இடைவெளி டெராவுக்கு வரும்போது 10 சதவீதத்தை எட்டிவிடுகிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024-இன் மடங்குகளுக்குத் தனிப் பெயர்கள் வைத்தது. இந்த இடைவெளியைத் தயாரிப்பாளரின் மோசடி என்று சொல்வோர் உண்டு. அமெரிக்காவில் வழக்குகூட நடந்தது. எனக்கு அது ஒப்பவில்லை. மெமரி சிப்பில் முகவரிக் கம்பி ஒவ்வொன்றும் கொள்ளளவை இரட்டிப்பதால் 1,024 அங்கே இயல்பு; சுழலும் தட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

இதைக் கழித்த பிறகு எது மிஞ்சுகிறதோ அங்கேதான் கலை தொடங்குகிறது. 3 டெராபைட் டிஸ்க் ஒன்றைப் பழைய யுஎஸ்பி பெட்டியில் போட்டால் 746 ஜிபி என்று காட்டும். விவரம் தெரியாதவருக்கு அது பழுது; தெரிந்தவருக்கு 746 என்பது கைரேகை. பெட்டியின் சிப் செக்டர் எண்ணை 32 பிட்டில் பிடிக்கிறது. ஒரு செக்டருக்கு 512 பைட் என்றால் அது எண்ணக்கூடிய உச்சம் ஏறத்தாழ 2.2 டெராபைட். அதைத் தாண்டியதும் பைக்கின் கிலோமீட்டர் மீட்டர் போல மறுபடி சைபரிலிருந்து ஓடுகிறது. 3-இல் 2.2 போனால் 0.8, அதை விண்டோஸ் மரக்காலில் அளந்தால் 746. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை, நடுவில் நிற்கும் தரகருக்குத்தான் எண்ணத் தெரியவில்லை. இங்கே அவசரப்பட்டு ஃபார்மட் கொடுப்பவர், நல்ல டிஸ்க்கில் இருந்த தரவைத் தரகரின் பேச்சைக் கேட்டு அழித்தவராவார்.

இதைவிட நுட்பமான கைரேகை 2,113. இன்று 1 டெராபைட் டிஸ்க்கை யார் தயாரித்தாலும் பெரும்பாலும் 195 கோடியே 35 லட்சத்து 25,168 செக்டர்கள் இருக்கும். தயாரிப்பாளர்கள் கூடி ஒப்புக்கொண்ட சூத்திரம் அது. அப்படியிருக்க, பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டு அமைப்பில் கெட்டுப்போன டிஸ்க்குக்குப் பதிலாக அதே அளவு டிஸ்க்கைச் சேர்க்கப் போனால், 'போதாது' என்று லினக்ஸ் மறுத்துவிடுகிறது. எண்ணிப் பார்த்தால் 195 கோடியே 35 லட்சத்து 23,055. குறைவது 2,113 செக்டர், ஒரு எம்பியைச் சற்றே தாண்டும் அளவு. தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட்டிருப்பதால் இந்தத் துண்டை அங்கே யாரும் வெட்டியிருக்க வாய்ப்பு குறைவு. வெட்டிய கை வேறு. சில மதர்போர்டுகளின் பயாஸ், தன் நகலைப் பத்திரப்படுத்த டிஸ்க்கின் வாலில் இவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த இடமே இல்லை என்று டிஸ்க்கையே சொல்லவைக்கும். லினக்ஸின் எச்டிபார்ம் கமாண்டைக் கேட்டால், காட்டும் எண்ணையும் உண்மை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடும்.

ஒரு எம்பிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா, டிஸ்க் விலை என்ன பெரிய விலை என்று கேட்கலாம். இடம்தான் பிரச்சினை என்றால் நியாயமான கேள்வி. ஆனால் பல ரெய்டு அமைப்புகள் தங்கள் அடையாளச் சீட்டை டிஸ்க்கின் வாலில்தான் எழுதிவைக்கின்றன. பயாஸ் கடித்தது அந்த வாலை. ஏற்கெனவே தரவு இருக்கும் டிஸ்க்கை இப்படிப்பட்ட மதர்போர்டில் மாட்டினால், சீட்டுப் போய், டிஸ்க் தன் குடும்பத்துக்கே அந்நியமாகிவிடலாம். புதிதாக வாங்கும் டிஸ்க்கையும் அதே பயாஸ் அதே இடத்தில் கடிக்கும். அனுபவசாலிகள் பார்ட்டிஷனைப் போடும்போதே வால்பக்கம் கொஞ்சம் காலியாக விடுவது இதனால்தான். ஃப்ரீநாஸ் என்ற சேமிப்பக மென்பொருள் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஸ்வாப்புக்கென 2 ஜிபி ஒதுக்கிவந்தது. பலருக்கு அது தெரியாமலே கைகொடுத்த ஓரத்துணி.

இதையெல்லாம் மென்பொருளே சொல்லிவிடாதா என்பது அடுத்த ஆட்சேபம். சொல்லும், ஆனால் ஒவ்வொன்றும் தன் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். ஜெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் மூன்று 4 டெராபைட் டிஸ்க்குகளை ஒரு டிஸ்க் அளவு காப்போடு இணைத்தால், ஒரு கமாண்ட் 10.9 என்கிறது, இன்னொன்று 7 சொச்சம் என்கிறது. முதலாவது காப்பையும் சேர்த்து எண்ணியது, இரண்டாவது கழித்து எண்ணியது, இரண்டும் நிஜம். லினக்ஸின் எக்ஸ்ட்ஃபோர் கோப்பு முறை வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் என்னும் நிர்வாகக் கணக்குக்கு எடுத்துவைக்கும். 4 டெராபைட்டில் அது 200 ஜிபி. எது யாருடைய பங்கு என்று பிரித்துச் சொல்வது மனிதர் வேலையாகவே இருக்கிறது.

இந்தக் கலையை உண்மையிலேயே தடுமாறவைப்பது வேறொன்று: கணக்கு உதைக்காத டிஸ்க். 2 டெராபைட் என்று மலிவாக வரும் போலி யுஎஸ்பி டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே 64 ஜிபி கார்டு ஒட்டியிருக்கும். அதன் சிப் 2 டெராபைட் என்று திருத்தமாகச் சாதிக்கும். எந்தக் கமாண்டிலும் மிச்சம் என்று ஒன்று தெரியாது. வெறும் எண்ணைப் படிப்பவர் இங்கே தோற்றுத்தான் ஆகவேண்டும். எஃப்3 போன்ற கருவியால் டிஸ்க் முழுவதையும் எழுதி நிரப்பி, பிறகு முதலிலிருந்து திரும்பப் படிக்கவேண்டும். மணிக்கணக்கில் ஓடும். எழுதியதும் படித்ததும் எங்கே ஒத்துப்போகாமல் முரண்படுகிறதோ, அதுவரையில் நல்லபடியாகத் தேறிய இடத்தைக் கருவி கடைசியில் கூட்டிக் காட்டும். ஏறக்குறைய 60 ஜிபி.