சீசன் டிக்கெட்டில் எழுதாத விலை

அரக்கோணத்திலிருந்து சென்னை சென்ட்ரல் 69 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை விடிகாலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை என நாள்தோறும் கடந்து வேலை பார்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். இன்னும் அப்பால் காட்பாடியிலிருந்தும், தெற்கே மேல்மருவத்தூர், திண்டிவனம் பக்கமிருந்தும் வருகிறவர்கள் உண்டு. இவர்களைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு நடக்கும். ‘பாவம், பாதி ஆயுசு ரயிலிலேயே போகுது’ என்பது ஒன்று. ‘பிழைக்கத் தெரிஞ்சவங்க, சம்பளம் பட்டணத்துல, செலவு ஊருல’ என்பது மற்றொன்று.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே வண்டியில் போகிறவரை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவை. அவர் வண்டியில் இருக்கும் நேரத்தில் வீட்டில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். நெடுந்தூர ரயில் பயணம் பணத்தில் மிக மலிவு. அந்த மலிவுக்கு ஈடாக நேரத்தைக் கொடுக்கிறோம். அந்த நேரம் யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் இந்த ஏற்பாடு நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

கையில் மிஞ்சும் பணம்

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். மாத சீசன் டிக்கெட்டின் கட்டணம் ஏறத்தாழ பதினைந்து ஒருவழிப் பயணங்களின் விலை. மாதம் 25 நாள் வேலைக்குப் போகிறவர் ஐம்பது முறை பயணம் செய்கிறார். அதாவது முழுக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அவர் கொடுப்பதில்லை. 2014 ஜூனில் இதை முப்பது பயணங்களின் விலையாக உயர்த்தும் அறிவிப்பு வந்தபோது எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. எத்தனை குடும்பங்களின் மாத வரவு செலவு இந்த அட்டையை நம்பி நிற்கிறது என்பதை அந்த எதிர்ப்பு காட்டியது. சீசனுக்கு எல்லை 150 கிலோமீட்டர் என்பதால், 130 கிலோமீட்டரில் இருக்கும் காட்பாடி இந்தச் சலுகைக்குள் வருகிறது. 200-க்கு மேல் இருக்கும் ஜோலார்பேட்டைக்குச் சென்னை எட்டுவதில்லை.

மிஞ்சுவது பயணக் காசு மட்டும் என்று நினைக்கக் கூடாது. சென்னையில் இரண்டு அறை வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை, முன்பணம், குடிநீருக்கு ஆகும் செலவு எல்லாம் ஊரில் சொந்த வீடு இருப்பவருக்கு மிச்சம். வயதான பெற்றோரைப் பெயர்த்து அடுக்ககத்தில் வைக்க வேண்டாம். பிள்ளைகள் படிக்கும் பள்ளியை மாற்ற வேண்டாம். கணவருக்குச் சென்னையில் வேலை, மனைவிக்கு வேலூரில் வேலை என்ற குடும்பம், நடுவில் இருக்கும் அரக்கோணத்தில் வீடு பார்த்து ஒரே கூரையின் கீழ் வாழ முடிகிறது. ரயில் இல்லாவிட்டால் அவர்களில் ஒருவர் வேலையை விட வேண்டும். அப்படி விடுகிறவர் பெரும்பாலும் மனைவியாகத்தான் இருப்பார். ஒரு குடும்பத்தில் இரண்டு சம்பளம் நிலைக்க இந்தத் தண்டவாளம் காரணமாக இருக்கிறது என்பதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

கரையும் நேரம்

இனி மறுபக்கம். எல்லா நிலையத்திலும் நிற்கும் மின்சார ரயில் அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல் வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்து நிலையம் வருவது, வண்டியை ஸ்டாண்டில் போடுவது, சென்ட்ரலில் இறங்கி அலுவலகம் சேர்வது எல்லாவற்றுக்கும் அரை மணி என்று குறைவாகவே வைத்தாலும், போக வர ஐந்து மணி நேரம். மாதத்துக்கு 125 மணி. எட்டு மணி நேர வேலைநாட்களாகப் பிரித்தால் பதினைந்து நாளுக்கு மேல் வருகிறது. சம்பளம் இல்லாத இன்னொரு அரைநேர வேலைக்குச் சமமான உழைப்பு இது.

மனிதர்கள் எந்த ஊரில், எந்தக் காலத்தில் வாழ்ந்தாலும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தையே போக்குவரத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். நம் சீசன் பயணி அதைப் போல ஐந்து மடங்கு கொடுக்கிறார். அலாய்ஸ் ஸ்டட்சர், புருனோ ஃப்ரே என்ற சுவிஸ் பொருளியலாளர்கள் ஜெர்மானியக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து திரட்டிய தரவுகளை வைத்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு, நீண்ட பயணம் செய்கிறவர்களின் மனநிறைவு குறைவாக இருப்பதைக் காட்டியது. கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அந்தக் குறையை முழுதாக ஈடுகட்டவில்லை. ‘கொஞ்ச நாளில் பழகிவிடும்’ என்று நம்பித்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். வாடகை மிச்சம் மாதம் முடிந்தவுடன் கண்ணுக்குத் தெரிகிறது. தூக்கக் குறைவும் முதுகுவலியும் பிள்ளைகளோடு பேசாமல் போன மாலைகளும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

ஆனால் ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும். சென்னைக்குள்ளேயே மேடவாக்கத்தில் குடியிருந்து அம்பத்தூரில் வேலை பார்ப்பவர், நெரிசல் வேளையில் பேருந்திலோ இரு சக்கர வண்டியிலோ ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் செலவிட நேரலாம். ஆகவே இழப்பு ஐந்து மணி நேரமும் அல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். மேலும், பைக் ஓட்டுகிறவரின் கையும் கண்ணும் சாலையிலேயே கட்டுண்டு கிடக்கும். ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் விடுதலை.

உட்கார இடம் என்ற ஒற்றை விஷயம்

இந்தப் பயணத்தின் தரத்தைத் தூரம் தீர்மானிப்பதில்லை, இருக்கைதான் தீர்மானிக்கிறது. காலையில் அரக்கோணத்தில் ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கிறது. அவர் தூங்கலாம், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கலாம், நாவல் வாசிக்கலாம். பெண்கள் பெட்டியில் கீரை ஆய்ந்து, பூக்கட்டி, வீட்டு வேலையில் ஒரு பகுதியை முடித்துக்கொள்பவர்களை நாள்தோறும் பார்க்கலாம். அதே வண்டியில் திருவள்ளூரிலும் திருநின்றவூரிலும் ஏறுகிறவர்களுக்குப் பயண நேரம் குறைவு. ஆனால் நின்றபடி, ஒரு கை கம்பியில், மறு கை பையில். அதிக தூரம் வருகிறவர் இளைப்பாறி இறங்க, குறைந்த தூரம் வருகிறவர் களைத்து இறங்குகிறார். மாலையில் சென்ட்ரலில் எல்லோருக்கும் ஒரே முண்டியடிப்பு.

இருக்கைப் பஞ்சத்தில்தான் சீசன்காரர்களின் கூட்டுறவும் பிறக்கிறது, அதன் கெட்ட முகமும் பிறக்கிறது. ஒரே பெட்டியில் ஆண்டுக்கணக்கில் வருகிறவர்கள் குடும்பம்போல ஆகிவிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகை பெட்டியிலேயே கைமாறும். ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் தோரணம் கட்டி அலங்கரிப்பார்கள். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது ஃபோன் செய்து விசாரிப்பார்கள். பக்கத்து ஃபிளாட்காரரின் பெயர் தெரியாத நகரத்தில் இது பெரிய செல்வம். ஆனால் அதே குழு, கைக்குட்டையைப் போட்டு நான்கு இடம் பிடித்து வைக்கும். புதிதாக வரும் கர்ப்பிணியை நிற்க வைத்துவிட்டுச் சீட்டு விளையாடும். முன்பதிவுப் பெட்டியில் ஏறி, காசு கொடுத்து இடம் பதிந்தவரோடு சண்டைக்கு நிற்கும். தோழமை என்ற பெயரில் இதை நியாயப்படுத்தக் கூடாது. நாள்தோறும் வருவதால் பெட்டி நமக்குச் சொந்தமாகிவிடாது.

நம்ப முடியாத நேரம்

இருக்கைக்கு அடுத்தது நிச்சயம். அறுபது எழுபது கிலோமீட்டர் தூரப் பயணத்தில் ஓர் இடைஞ்சல் வந்தால் மாற்று வழி கிடையாது. எக்ஸ்பிரஸ் போவதற்காக லோக்கலை ஓரங்கட்டுவதும், பேசின் பிரிட்ஜ் தாண்டி அவுட்டரில் போட்டு வைப்பதும் வழக்கமான வேதனைகள். 2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் தீப்பற்றியபோது அந்தப் பாதையே முடங்கியது. அது ஞாயிற்றுக்கிழமையாக இல்லாதிருந்தால் வேலைக்குக் கிளம்பியவர்களின் கதி என்ன என்று நினைத்துப் பார்க்க வேண்டும். நான்காவது பாதைப் பணிக்காகக் கடற்கரை - சேப்பாக்கம் பறக்கும் ரயில் 2023 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு, ஓர் ஆண்டுக்கும் மேல் கழித்தே திரும்ப ஓடியது. வேலை அவசியமானதுதான். ஆனால் அந்தப் பாதையை நம்பி வீடும் வேலையும் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்த மாதங்களை யாரும் ஈடு செய்யவில்லை.

தாமதத்தின் கடைசிப் பலன் உயிர்ச்சேதம். 2018 ஜூலை 24 காலை மேல்மின்கம்பி அறுந்து வண்டிகள் தடைப்பட்டன. விரைவு ரயில் பாதைக்குத் திருப்பிவிடப்பட்ட திருமால்பூர் வண்டியில் படியில் தொங்கியவர்கள், பரங்கிமலை நிலையத்தின் கான்கிரீட் சுவரில் மோதி விழுந்து இறந்தார்கள். அவர்களைச் சாகசக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அடுத்த வண்டி எப்போது என்று தெரியாத காலையில், வருகைப் பதிவு இயந்திரத்தை நினைத்துக்கொண்டு ஏறியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். 2025 ஏப்ரலில் கடற்கரை - செங்கல்பட்டு தடத்துக்குத் தானியங்கிக் கதவுள்ள ஏ.சி. புறநகர் ரயில் வந்தது. நல்ல தொடக்கம், ஆனால் கட்டணம் பல மடங்கு. படியில் தொங்குகிறவருக்குக் கட்டுப்படியாகாத கதவு அவரைக் காப்பாற்றாது.

வீட்டில் கொடுக்கப்படும் விலை

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். காலை 5.30 மணி வண்டியைப் பிடிக்கும் ஆண், 4.45-க்கு எழுந்தால் போதும். காப்பியும் கட்டிய சாப்பாடும் தயாராக இருக்கும். அதைத் தயார் செய்தவர் 4 மணிக்கு எழுந்திருப்பார். அதே வண்டியைப் பிடிக்கும் பெண்ணோ அந்த 4 மணி வேலையையும் முடித்துவிட்டுத்தான் ஓடிவருகிறார். பிள்ளையின் பள்ளிக் கூட்டம், மாமனாரின் மருத்துவமனை, கேஸ் சிலிண்டர், மின்கட்டணம் எல்லாம் ஊரில் இருப்பவர் தலையில். ‘நான் ரயிலில் கஷ்டப்படுகிறேன்’ என்று சொல்லும் ஆண்களில் எத்தனை பேர், தங்கள் கஷ்டத்தில் பாதி வீட்டில் வேறொருவர் உடம்பிலிருந்து எடுக்கப்படுவதை எண்ணிப் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைபார்க்கும் பெண்கள் 909 பேரிடம் ஒரு நாளின் ஒவ்வொரு செயலும் எப்படி இருந்தது என்று கேட்ட டேனியல் கானமன் குழுவின் 2004 ஆய்வில், வேலைக்குப் போகும் பயணம் மிகக் குறைந்த மகிழ்ச்சி தரும் செயல்களில் ஒன்றாக வந்தது. நம் ஊர்ப் பெண்ணுக்கு அதோடு பாதுகாப்புக் கவலையும் சேர்கிறது. 2016-ல் நுங்கம்பாக்கம் நடைமேடையில் காலை வேளையில் வேலைக்குப் புறப்பட்ட இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 பிப்ரவரியில் ஜோலார்பேட்டை - காட்பாடி இடையே, பெண்கள் பெட்டியில் தனியாக இருந்த கர்ப்பிணி தாக்கப்பட்டு வெளியே தள்ளப்பட்டார். நெரிசல் உடலுக்குத் தொல்லை. ஆளில்லாத பெட்டி உயிருக்கே ஆபத்து. முதல் வண்டியிலும் கடைசி வண்டியிலும் போகும் பெண்ணுக்கு இந்த இரண்டாவது பயம் நாள்தோறும் உண்டு. அந்தப் பயத்தால் கைவிடப்பட்ட நல்ல வேலைகளை யாரும் எண்ணி வைப்பதில்லை.

வேலை நகர்ந்துவிட்டது

மேற்குத் தடம் ஒரு காலத்தில் இந்த வாழ்க்கைக்குப் பொருந்தியிருந்தது. பெரம்பூர் ரயில்வே பணிமனைகள், 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடிப் பாதுகாப்புத் துறை ஆலைகள் எல்லாம் தண்டவாளத்தை ஒட்டியே இருந்தன. வண்டி நின்ற இடத்திலிருந்து ஆலை வாசலுக்கு நடந்தே போய்விடலாம். இன்றைய வேலைகளில் பெரும்பங்கு பழைய மாமல்லபுரம் சாலையிலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமும் இருக்கிறது. அரக்கோணத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிறவர் சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து, திருவான்மியூரில் இறங்கி, பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ ஏற வேண்டும். இரண்டு இடத்தில் மாறுகிறபோது, முதல் வண்டியின் ஐந்து நிமிடத் தாமதம் முடிவில் அரை மணியாகப் பெருகுகிறது. தந்தைக்குப் பொருந்திய பயணம் மகளுக்கும் பொருந்தும் என்று எண்ணி முடிவெடுப்பது இங்கேதான் தவறாகிறது.

என் தீர்ப்பு

நெடுந்தூர ரயில் பயணத்தை முற்றிலும் தவிர்க்கச் சொல்வது, ஊரில் வேர்கொண்டவர்களை நகரத்தின் வாடகைக்கு விரட்டுவதாகும். நான் அதற்கு உடன்படவில்லை. காலையில் உட்கார இடம் கிடைத்து, இறங்கும் நிலையத்துக்கு அருகே வேலை இருந்து, வீட்டு வேலை பகிரப்படும் குடும்பத்தில் இது நல்ல ஏற்பாடு. இவற்றில் இரண்டு இல்லை என்றால், மிஞ்சும் வாடகைப் பணம் உண்மையில் மிச்சம் அல்ல. முடிவெடுக்கும்போது கணவனும் மனைவியும் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, யாருடைய எத்தனை மணி நேரம் இதில் போகிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும். ‘இப்போதைக்கு’ என்று தொடங்கிய பயணங்கள் ஓய்வு பெறும்வரை நீள்வது நம் கண்முன் நடக்கிறது.

ரயில்வேயும் நிறுவனங்களும் கைகழுவ முடியாது. நெரிசல் வேளை வண்டிகளைக் கூட்டுவதும், தாமதத்தை முன்கூட்டியே உள்ளபடி அறிவிப்பதும், விடிகாலையிலும் இரவிலும் பெண்கள் பெட்டிக்குக் காவலர் அனுப்புவதும் சலுகையாகக் கேட்க வேண்டியவை அல்ல. கட்டணம் செலுத்திய பயணிக்குச் சேர வேண்டியவை. 2020 மார்ச்சில் புறநகர் ரயில்கள் நின்றபோது, அதுவரை ‘முடியவே முடியாது’ என்ற அலுவலகங்களே வீட்டிலிருந்து வேலை வாங்கின. அப்படிச் செய்யக்கூடிய வேலைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் விலக்கு அளித்தால், அரக்கோணத்துப் பயணிக்கு வாரம் பத்து மணி நேரம் திரும்பக் கிடைக்கும். அந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு பகுதியாவது 4 மணிக்கு எழுகிறவருக்குப் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் இந்தப் பயணம் மலிவானது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.